வந்தாறுமூலையிலிருந்து பேராதனைக்குப் போன கூத்து: எமது பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய துணைவேந்தர்களுக்கும், மூதவை உறுப்பினர்களுக்கும், அழகியற் கற்கைகளைக் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும், கலை விழாக்களை ஒழுங்கு செய்யும் மாணவர் மன்றத்தினருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்து, அங்கேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் ஒலுவிலிலும் உள்ள எமது பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கென நடத்தும் கலை, பண்பாட்டு நிகழ்வுகளைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருப்பவற்றை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் வைக்க விரும்புகிறேன். தனிக் கடிதமாக எழுதினால் அது ஒரு கோப்பினுள் அடங்கிவிடக்கூடும். நான் கேட்கப்போவது ஊராருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பேராதனையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1956இல், பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை உருவாக்கிச் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றியிருந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அக்காலத்தில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊரூராகச் சென்று, கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடிச் சந்தித்தார். அவர்களுக்கு மாநாடுகளும் விழாக்களும் நடத்தினார். ஏடுகளிலும் கொப்பிகளிலும் கிடந்த கூத்துகளை அச்சில் கொண்டுவந்தார். 1962இல் பேராதனை மாணவர்கள் 'கர்ணன் போர்' ஆடினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை மேடையேறின. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு மிகச் சுருங்கிய நேரத்துக்குள் அடங்கியது. படித்தவர்கள் நாட்டுக்கூத்து என்று சற்றே தாழ்த்திச் சொல்லிவந்த ஒன்று, கொழும்பிலும் கண்டியிலும் மரியாதையோடு பார்க்கப்படும் கலையாயிற்று.

அந்த மாணவர்களுக்கு ஆட்டமும் தாளக்கட்டும் சொல்லிக்கொடுத்தவர் மட்டக்களப்பின் வந்தாறுமூலைக் கிராமத்துச் செல்லையா அண்ணாவியார். பின்னாளில் பேராசிரியராக உயர்ந்து ஈழத்து அரங்கியலுக்கே ஆசானாக விளங்கும் சி. மௌனகுரு, அன்று அவரிடம் பழகி ஆடிய மாணவர்களுள் ஒருவர். ஒரு கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கற்பித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1981இல் அதே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அண்ணாவியாரின் ஊருக்கே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை இதில் ஒரு கடன் இருக்கிறது. கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கூத்து போன வழி அகலமானது. திரும்பி வருகின்ற வழி இன்னமும் ஒற்றையடிப்பாதையாகவே கிடக்கிறது. நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பொது நிகழ்வுகளே அந்த வழியை அகலமாக்க வல்லவை என்று நம்புவதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்த நல்லவற்றை நான் மறக்கவில்லை. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம், இன்று சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கல்லடியில் வளர்ந்திருக்கிறது. மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரில் எழுந்த இசைக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தலைமுறை தலைமுறையாக இசையாசிரியர்களை எமக்குத் தந்திருக்கிறது. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைக் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகக் கொண்டுசென்றபோது, பல்கலைக்கழகம் மக்களின் துயரத்தைத் தன் குரலில் பேசியது. சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தவர்களும் ஊராரோடு கூடியிருந்து கூத்து மீளுருவாக்கத்தைச் செய்தபோது, ஆராய்ச்சியாளரும் அண்ணாவியாரும் ஒரே பாயில் அமர்ந்து பேசலாம் என்பது கண்கூடாயிற்று. இவை நடந்திருப்பதனால்தான் என் வேண்டுகோள்கள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று எவரும் சொல்லமுடியாது என்ற துணிவு எனக்கு வந்தது.

என்னை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்பன இங்கு வேண்டியதில்லை. ஒரு பண்பாட்டு விழாவுக்கு எங்கள் ஊர் அண்ணாவியாரை அழைத்திருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அவர் மத்தளத்தைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, நான்கு இளைஞர்களோடு காலை ஏழு மணிக்கே பேருந்தில் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். விழா பத்து மணிக்குத் தொடங்கியது. விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, அதிதிகளுக்கு மலர்மாலை என்று இரண்டரை மணிநேரம் சென்றது. முன்வரிசைக் கதிரைகளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள்; அண்ணாவியாரின் பெயர் எந்தக் கதிரையிலும் இல்லை. மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவருகே மத்தளத்தின் மீது கைவைத்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். முக்கால் மணிநேரம் ஆடுவதற்கென்று பழகி வந்த பகுதியை, நேரம் போய்விட்டது என்று சொல்லிப் பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சுருக்கச் சொன்னார்கள். வரவுப் பாட்டும் தரு என்னும் கூத்துப்பாட்டு ஒன்றும் முடிவதற்குள் ஒலிவாங்கியில் நன்றியுரை தொடங்கிவிட்டது. பொன்னாடை ஒன்றும் சான்றிதழ் ஒன்றும் கிடைத்தன. திரும்பும் வழியில் அவர் குறை எதுவும் சொல்லவில்லை. "தம்பி, பிள்ளையள் சபைவிருத்தம் பாடக்கூட நேரம் கிடைக்கேல்ல" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். கூத்தைத் தொடங்குமுன் இறைவனையும் சபையோரையும் வணங்கிப் பாடாமல் ஆடியது, அவருடைய அறுபது ஆண்டுக் களரி வாழ்வில் அதுவே முதல் தடவையாம்.

அன்று அங்கிருந்த எவரும் அவரை வேண்டுமென்று அவமதித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இளம் விரிவுரையாளர்கள் ஓடியோடி வேலை செய்தார்கள். மாணவர்கள் எங்களுக்குத் தேநீரும் வடையும் அன்போடு கொண்டுவந்து தந்தார்கள். பிழை அந்த நாளின் அமைப்பிலேயே இருந்தது. விழா அதிதிகளுக்காக அமைந்தது; கலை அதன் இடைவெளிகளை நிரப்புவதற்காக வந்தது. ஆகவே என் முதல் வேண்டுகோள் மிகச் சிறியது: பொது நிகழ்வின் அழைப்பிதழில் முதற்பெயராக அன்று ஆடப்போகிறவரின், வாசிக்கப்போகிறவரின் பெயரை, அவருடைய ஊர்ப்பெயரோடு அச்சிடுங்கள். முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை வையுங்கள். உரைகள் எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்துக்குள் முடியட்டும். அவருக்குரிய வேதனத்தை அவர் ஊர் திரும்புமுன் கையில் கொடுங்கள். ஒரு நாள் வயல்வேலையையோ கடற்றொழிலையோ விட்டுவிட்டு வருகின்ற மனிதர்கள் இவர்கள். பொன்னாடையை உடுத்து வேலைக்குப் போகமுடியாது.

பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்குப் பட்டம் வேண்டும் என்ற விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டத்துக்கு அப்பாலும் இடமளிக்கலாம் என்பதை வேறிடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களில் தஞ்சாவூர் மரபைச் சேர்ந்த பாலசரஸ்வதி நடனம் கற்பித்தார்; அவருடைய தம்பி ரங்கநாதன் கலைஞர் என்ற தகுதியிலேயே அங்கே மிருதங்க ஆசிரியராக அமர்ந்தார்; இன்னொரு தம்பி விஸ்வநாதன் குழலும் பாட்டும் கற்பித்தார். அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் நவராத்திரி இசைவிழா இன்றளவும் ஊராருக்கும் திறந்திருக்கிறது. கடல்கடந்த ஒரு பல்கலைக்கழகம் தமிழ்க் கலைஞரை ஆசிரியராக வைத்துக்கொள்ளும்போது, வாவியைக் கடந்தால் வந்துவிடக்கூடிய அண்ணாவியாரை ஓர் ஆண்டுக்கேனும் வருகைக் கலைஞராக வைத்திருக்க எமக்கு வழி இல்லாமல் போகுமா?

இனி மேடையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். எங்கள் கூத்தின் இரு மரபுகளான வடமோடி, தென்மோடி என்பவற்றுள், என் தந்தையார் வடமோடிக் கூத்தில் அருச்சுனனாக ஆடியவர். நான் ஐந்து வயதுப் பையனாகக் களரி ஓரத்து மணலில் பாய் விரித்துப் படுத்திருந்து, "அப்பாட வரவு வந்திட்டு, எழும்பு" என்று அம்மா தட்டி எழுப்ப, பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவன். மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டுச் சேலை கட்டிச் சோடித்த வட்டக்களரி. நடுவிலே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் பிற்பாட்டுக்காரரும் கொப்பி பார்ப்பவரும் நிற்க, ஆடுபவர் அவர்களைச் சுற்றி வந்து ஆடுவார். பார்ப்பவர்கள் நான்கு பக்கமும் இருப்பார்கள். ஆகையால் ஆடுபவருக்கு முதுகு என்று ஒன்று கிடையாது. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு சபை இருக்கிறது. ஒரே பாட்டடியை அவர் நான்கு திசைக்கும் கொண்டுசென்று பாடி ஆடுவதற்கும், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் பாடுவதற்கும் காரணம் அந்த வட்டந்தான். அதே ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் வைத்துவிட்டு, ஏன் இத்தனை தடவை ஒரே அடியைப் பாடுகிறார்கள் என்று கேட்பது நியாயமாகாது. அத்தோடு ஒலிவாங்கி மத்தளத்துக்கும் பாட்டுக்கும் வைக்கப்படுகிறது. காற்சதங்கையின் ஓசை அதில் அமிழ்ந்துபோகிறது. தாளக்கட்டைச் சொல்லும்போது காலும் சதங்கையும் அதற்கு மறுமொழி சொல்வதைக் கேட்காதவர் கூத்தில் பாதியைக் கேட்கவில்லை.

வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கியது அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது. அது நடந்திருக்காவிட்டால் இன்று கூத்து பாடநெறியாகவே இருந்திராது. என்றாலும் ஒரு தேவைக்காகச் செய்த சுருக்கமே, அறுபது ஆண்டுகளுக்குப் பின், மாணவர்கள் அறிந்த ஒரே வடிவமாக நின்றுவிடலாகாது. போர்க்காலத்தில் இரவுகள் எமக்குரியவையாக இருக்கவில்லை. ஊரடங்கும் அச்சமும் நிறைந்த அந்த ஆண்டுகளில், விடியும்வரை களரியில் கூடியிருப்பதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. அப்போது பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று உங்களிடம் விரிவுரையாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் ஒரு முழுக்கூத்தைத் தொடக்கம் முதல் வாழி பாடும்வரை இருந்து பார்த்ததில்லை என்று என்னிடமே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, பல்கலைக்கழக வளாகத்தின் திறந்த வெளியில், மண்ணில் வட்டக்களரி அமைத்து, வடமோடியோ தென்மோடியோ ஒரு கூத்தை இரவு முழுவதும் ஆடச் செய்யுங்கள். நுழைவுச்சீட்டும் வேண்டாம், கதிரையும் வேண்டாம். பாயோடும் பிள்ளைகளோடும் ஊரார் வருவார்கள். கடலைக்காரரும் கோப்பிக் கடைக்காரரும் வருவார்கள். அதையும் விழாவின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளவேண்டும்.

அரங்கேற்றம் என்பது கூத்தின் கடைசிக் கட்டங்களுள் ஒன்று. அதற்கு மாதக்கணக்கில் முன்னரே ஒரு நல்லநாளில் சட்டங்கொடுப்பார்கள். அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டுகளை எழுதிய சட்டத்தை அண்ணாவியார் கையால் வாங்கும்போது பெரிய மீசைக்காரர்களும் குனிந்து வாங்குவார்கள். பின்னர் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். காலுக்கு முதன்முதலாகச் சதங்கை கட்டும் நாள் தனி விழாவாக நடக்கும். அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகையில் ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்து பிழை சொல்வார்கள். அரங்கேறிய பின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். பல்கலைக்கழகத்தில் எமக்குக் காட்டப்படுவது இவற்றுள் ஒன்றேயொன்று. மாணவர்கள் ஒரு கூத்தைப் பழகத் தொடங்கும் நாளிலேயே எமக்கும் அறிவித்தல் தாருங்கள். மாலை நேரத்துப் பழக்கத்தைப் பார்க்க வாயிற்காவலரிடம் அடையாள அட்டை காட்டி விளக்கம் சொல்லத் தேவையில்லாதபடி ஓர் ஒழுங்கு செய்யுங்கள். அடுக்குப் பார்த்தலுக்குப் பழைய ஆட்டக்காரர்களை அழையுங்கள். உங்கள் பரீட்சகர்கள் கவனிக்காத பிழைகளையும் அவர்கள் சொல்லுவார்கள், உங்கள் மாணவர்கள் கண்டுபிடித்த அழகுகளைப் பார்த்து அவர்களும் வியப்பார்கள். முடிவில் அந்தக் கூத்தை ஊருக்குள் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் கோயில் வெளியிலாவது ஆடுங்கள்.

நாளும் நேரமும் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் பாதையில்தான் வாவியைக் கடந்தோம். (எங்கள் ஊரில் பாதை என்பது ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவை.) பாலம் வந்தும், மாலை ஆறு மணிக்குப் பின் படுவான்கரைக்குப் பேருந்து கிடைப்பது அரிது. வார நாளில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைப்பவர்கள் மட்டுமே வரமுடியும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து, நெல்லும் வீடுவந்து சேர்ந்த பின்னர்தான் ஊர் கூத்துக்குத் தயாராகும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கும் குளிர்த்தியும் வரும். அந்த நாள்களில் எவரையும் வேறிடத்துக்கு அழைக்க முடியாது. பங்குனியில், மார்ச் 27ஆம் நாள், உலக அரங்க தினத்தை நீங்கள் கொண்டாடுவது, நல்லவேளையாக, எங்கள் வயல்நாட்காட்டியோடு ஒத்துப்போகிறது. மற்ற நிகழ்வுகளையும் இவ்வாறு எண்ணிப் பார்த்து வைத்தால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஓராண்டு நிகழ்ச்சிநிரலை அச்சிட்டு, பிரதேச செயலகங்களிலும் நூலகங்களிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தற் பலகைகளிலும் ஒட்டச் செய்தால், நாங்கள் நாள் பார்த்துக் காத்திருப்போம். இரண்டு நாளைக்கு முன் தொலைபேசியில் வரும் அழைப்புக்கு ஊரைக் கூட்டமுடியாது.

பறையைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் இயலாது. எங்கள் பகுதியில் பறைமேளக் கூத்து என்று ஒரு கலை இருக்கிறது. பறையும் சொர்ணாளி என்ற ஊதுகுழலும் சேர, வாசிப்பவர்களே ஆடுபவர்களாகவும், தாளத்துக்குத் தாளம் போட்டியிட்டு ஆடுகின்ற அதற்கு ஆழ்ந்த இலக்கணமும் நீண்ட பயிற்சியும் உண்டு. ஆனால் பொது விழாக்களில் அதை நான் பெரும்பாலும் வாயிலில்தான் கண்டிருக்கிறேன். அதிதிகளை வாயிலிலிருந்து மண்டபம் வரை அழைத்துவருவதோடு அவர்களுடைய பங்கு முடிந்துவிடும். அவர்கள் வெயிலில் வாசித்தபடி முன்னால் நடப்பார்கள். மண்டபக் கதவோடு நின்றுகொள்வார்கள். உள்ளே வேறு நிகழ்ச்சி தொடங்கும். சாதியின் பெயரால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைக் கலை மண்டபத்தின் வாசலிலும் நிறுத்துவது எத்தகைய காட்சி என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்னியம் என்ற பெயரில் எமது மரபு வாத்தியங்களையும் ஆட்டங்களையும் ஒன்றிணைத்து, மேலைநாட்டு வாத்திய அணிவகுப்பின் இடத்தில் வைத்தமை பெருமைக்குரிய செயல். அதன் அடுத்த படியாகப் பறைமேளக் கூத்துக்கு மண்டபத்தின் உள்ளே, மேடையில், ஒரு முழு மாலைப்பொழுதைத் தாருங்கள். வாசிப்பவர்களிடமே தாளங்களின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிற பெயரிலேயே நிகழ்ச்சிக் குறிப்பை அச்சிடுங்கள்.

பெண்களைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் எங்களைவிட முன்னே நடந்திருக்கிறது. ஆண்களே பெண்வேடமிட்ட களரியில் மாணவியர் சதங்கை கட்டி ஆடியதைப் பார்த்த பின்னர்தான், என் ஊரிலும் சில வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பழக அனுமதித்தார்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள முஸ்லிம் ஊர்களின் பொல்லடி என்ற கோலாட்டமும் றபான் என்ற கைப்பறையும் நாட்டார் கவியும் எமது மேடைகளில் இன்னும் மிக அரிதாகவே ஒலிக்கின்றன. ஒலுவிலும் வந்தாறுமூலையும் சேர்ந்து ஒரு விழாவை மாறிமாறி நடத்தினால் இரு பக்கத்து ஊர்களும் ஒன்றின் கலையை மற்றொன்று வீட்டு முற்றத்தில் இருந்து கேட்பதுபோல் கேட்கும். சிங்கள மாணவர்களும் இன்று எமது வளாகங்களில் பயில்கிறார்கள். சரத்சந்திர எடுத்தாண்ட நாடகம என்ற சிங்கள அரங்க மரபுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உள்ள உறவை அவர்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, ஒரே இரவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நன்று.

சுவாமி விபுலாநந்தரின் பெயரை நிறுவகத்துக்கு வைத்திருக்கிறோம். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றினார். அவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சிலப்பதிகாரத்தின் வரிகளிலிருந்து அவர் கணக்கிட்டு மீட்டெடுத்த யாழ்களைச் செய்வித்து, கூடியிருந்தோர் முன்னிலையில் இசைக்கச் செய்தார்கள். அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். கணிதமும் இசையிலக்கணமும் நிறைந்த, எளிதில் விளங்காத ஓர் ஆராய்ச்சியை, கோயில் மண்டபத்தில் மக்கள் காதால் கேட்கும்படி வெளியிட்டவரின் பெயரை நாம் தாங்கியிருக்கிறோம். உங்கள் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளும் அவ்வாறு ஊர் முன்னிலையில் அரங்கேறவேண்டும் என்று கேட்பது மிகையாகுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் நடந்த தமிழிசை மாநாடு, கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடத்தைக் கேட்டு எழுந்த இயக்கத்துக்கு வலுவூட்டியது. பல்கலைக்கழகம் ஒன்று கூட்டிய மாநாட்டின் விளைவு பல்கலைக்கழகத்துக்கு வெளியே, மக்கள் கேட்கும் பாட்டில் தெரிந்தது. அத்தகைய விளைவுள்ள நிகழ்வு ஒன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும் போதும்.

ஆராய்ச்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் ஊர்களுக்கு வருகிறார்கள். அண்ணாவிமார் மனங்கோணாமல் பாடிக் கொடுக்கிறார்கள்; பரம்பரையாகக் காத்துவந்த கொப்பிகளையும் படமெடுக்கக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவுகள் பின்னர் எங்கே போகின்றன என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. நான் அறிந்த ஓர் அண்ணாவியார் இறந்தபின், அவருடைய குரலைக் கேட்க விரும்பி அவர் மகன் அலைந்தார். பதிந்துகொண்டு போன மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார், பதிவு எவர் கையிலும் இல்லை. ஊரில் பதியப்படும் ஒவ்வொன்றின் பிரதியும் அந்த ஊரின் பாடசாலைக்கோ நூலகத்துக்கோ கோயிலுக்கோ திரும்பி வரவேண்டும் என்று மூதவையில் ஒரு விதி செய்யுங்கள். அதை ஒப்படைக்கும் நாளையே ஒரு நிகழ்வாக நடத்தலாம்: பதிவை ஊர் கூடிக் கேட்கட்டும், அதைப் பதிந்த மாணவர் தாம் கற்றதைச் சொல்லட்டும், பாடியவரோ அவர் பிள்ளைகளோ அதற்கு மறுமொழி சொல்லட்டும். மண்டபமும் பந்தலும் இதற்கு வேண்டாம்.

பணம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நாட்டின் பொருளாதார நெருக்கடி உங்களையும் விடவில்லை என்பதை அறிவேன். ஆனால் நான் மேலே எழுதியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டிடம் தேவையில்லை. அதிதிகளுக்கான மலர்மாலை, நினைவுச்சின்னம், குளிரூட்டிய மண்டபத்து மின்கட்டணம், பகட்டான அழைப்பிதழ் ஆகியவற்றில் ஒரு பகுதியைக் கலைஞரின் வேதனத்துக்கும், நிகழ்ச்சி முடிந்தபின் படுவான்கரைக்கும் வாகரைப் பக்கத்துக்கும் ஊராரை ஏற்றிச் செல்லும் ஒரு பேருந்துக்கும் மாற்றினால் போதும். ஆண்டுக் கணக்கில் இதற்கென ஒரு தனித் தலைப்பு இருந்தால், நல்ல எண்ணமுடைய ஒரு விரிவுரையாளர் மாற்றலாகிப் போகும்போது எல்லாம் நின்றுபோவது நிகழாது. இதுவரை நடந்த நல்லவை பலவும் தனிமனிதர்களின் உழைப்பால் நடந்து, அவர்கள் ஓய்வுபெற்றதும் தளர்ந்தன என்பது என் கவலை.

எங்கள் ஊரில் வருகிற பெரும்போக அறுவடை முடிந்ததும் பதினெட்டாம் போர்க் கூத்துக்குச் சட்டங்கொடுக்க இருக்கிறோம். மண்டபக் கதவருகே அன்று நின்ற அதே அண்ணாவியாரே பழக்குகிறார். அவருக்கு இப்போது காது சற்று மந்தம். ஆனாலும் தாளம் பிசகினால் உடனே கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். பதினேழு இளைஞர்களும், முதன்முறையாக மூன்று பெண்பிள்ளைகளும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை அனுப்பிவையுங்கள், நீங்களும் வாருங்கள். அதிதியாக வரவேண்டாம், சட்டம் வாங்குபவர்களோடு மணலில் இருந்து பார்க்க வாருங்கள். பழக்கம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். கடைசிப் பேருந்து போய்விட்டால், இரவு தங்குவதற்கு என் வீட்டுத் திண்ணையில் இடமுண்டு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.